என் கழுத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

1

கழுத்தில் தழும்பு விழுந்து இந்த மாதத்தோடு நாலு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு நேற்றுப் போயிருந்தேன். ரத்தம் எடுத்த பெண் வேலைக்குப் புதியவள். என் காகிதத்தைப் படித்துவிட்டு, உங்கள் தைராய்டு புற்றுநோயை யார் முதலில் கண்டுபிடித்தது என்று பேச்சுக்குக் கேட்டாள். ஒரு தையல்காரர், ஒரு டெய்லர், என்றேன். "டாக்டர் டெய்லரா? நல்ல மனிதராக இருக்க வேண்டும்" என்றாள். ஆமாம், நல்ல மனிதர்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், கேரளத்தின் தென்கோடி எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் பாறசாலையிலிருந்து சுசீலா அக்கா அழைத்தாள். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு பெண்ணுக்கு இதே நோய் என்று போன வாரம் தெரிந்திருக்கிறதாம். பயந்துபோய் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். "டாக்டருமாரு எழுதினது நெட்டுல நெறய உண்டு மக்கா. அது வேண்டாம். உனக்கு நடந்தத எழுதி அனுப்பு" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் செல்வின். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் சபையில் தமிழும் படித்து வளர்ந்தவன். இருபத்துநாலு வருஷமாக வட இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழர்களோ மலையாளிகளோ ஆங்கிலம் தெரியாமல் வந்தால், டாக்டர் ஒரு எண்ணைக் கூப்பிடுவார். மறுமுனையில் நான் இருப்பேன். டாக்டர் சொல்வதை அவர்கள் மொழியிலும் அவர்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் போனிலேயே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சந்தையில் காய் வாங்கும்போது சும்மா செய்கிற காரியம். இங்கே அதற்குச் சம்பளம் உண்டு என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

2

நாலு வருஷத்துக்கு முன்பு சுசீலா அக்கா மகனின் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். மாமன் என்ற முறையில் எனக்குப் பாலராமபுரம் வேட்டியும் புதுச் சட்டையும் உண்டு என்று அக்கா சொல்லியிருந்தாள். சட்டைக்கு அளவு கொடுக்கத் தங்கையன் அண்ணன் கடைக்குப் போனேன். பாறசாலை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கடை. என் பள்ளிக்கூட நிக்கரிலிருந்து கல்யாணக் கோட்டு வரைக்கும் தைத்தவர் அவர்தான். என் பழைய அளவெல்லாம் அவர் நோட்டில் உண்டு.

நாடாவைக் கழுத்தில் சுற்றியவர் நோட்டைப் பார்த்தார். திரும்பவும் சுற்றினார். வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு, வயசாகிறது அண்ணே என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, "எலே செல்வின், எச்சில விழுங்கு பாப்போம்" என்றார். விழுங்கினேன். இன்னொரு தடவை விழுங்கச் சொன்னார்.

"ஒரு சைடுல என்னமோ உண்டு. விழுங்கும்ப கூடவே கேறி இறங்குது. எனக்க வீட்டுக்காரிக்கும் இப்படித்தான் இருந்துது. நாளைக்கே கொண்டு காட்டணும் கேட்டியா" என்றார். காலர் சரியாக வருமா என்று கேட்டேன். எவ்வளவு பெரிய காலர் வேண்டுமானாலும் தைத்துத் தருகிறேன், அது இப்போது காரியம் இல்லை என்றார்.

முப்பது வருஷம் தினமும் கண்ணாடியில் சவரம் செய்த முகம் என்னுடையது. ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருந்திருக்கிறது. வலி இல்லை, விழுங்குவதில் சிரமம் இல்லை. அதனால் நான் பார்க்கவில்லை. அது அப்படித்தான் வருமாம், சத்தமே இல்லாமல்.

மறுநாள் பக்கத்தில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் ஜெல்லைத் தடவி, கர்ப்பிணிகளுக்குப் பார்ப்பது மாதிரியே பார்த்தார்கள். பார்த்த டாக்டர் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், போனிலேயே அதை நான் கேட்டிருக்கிறேன். ஊசி குத்தி உள்ளிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். மயக்கமருந்து எதுவும் தேவைப்படவில்லை. எறும்பு கடித்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் வலி. கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் கட்டிகள்தான், எது எது என்று பார்க்கத்தான் இந்த ஊசி என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னாள். வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரும். கல்யாணம் திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை கேட்டேன். லேபில் மிஷின் கேடாம் என்றாள் அக்கா. சனிக்கிழமையும் மிஷின் சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. சரி, இது ஊர், எல்லாம் மெல்லத்தான் நடக்கும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு அடுத்தபடி என்னைத்தான் எல்லோரும் கவனித்தார்கள். பந்தியில் முதல் வரிசை. கேட்காமலே இரண்டாவது மீன் துண்டு. எல்லைச் சுவர் தகராறில் பன்னிரண்டு வருஷமாக முகம் கொடுக்காத சித்தப்பா மகன் நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பழசை எல்லாம் மறந்துவிடு என்றான். போதகர் மணமக்களுக்காக ஜெபித்ததைவிட, தூரதேசத்திலிருந்து வந்திருக்கும் எங்கள் சகோதரனுக்காக என்று நீளமாக ஜெபித்தார். வெளிநாட்டுக்குப் போன மதிப்பு இருபது வருஷம் கழித்தாவது வந்ததே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. மனைவி ஷீபாவிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பந்தல் பிரித்த பிறகு அக்கா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள்.

"மக்கா, உனக்க ரிசல்ட் வெள்ளிக்கிழமையே வந்தாச்சு. கேன்சராக்கும். ஆனா சாதுவானதாம்."

லேபில் வேலை செய்யும் பெண் அக்காவோடு பாடகர் குழுவில் பாடுகிறவள். காகிதத்தை அவளே வீட்டில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அக்கா ஷீபாவிடம் சொல்ல, ஷீபா காஞ்சிரங்குளத்தில் தன் அண்ணனிடம் சொல்ல, அக்கா போதகரிடம் சொல்ல, திங்கட்கிழமை காலையில் பந்தலில் அது தெரியாத ஒரே ஆள் நானாக இருந்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. இங்கிலாந்தில் என்றால் என் கையெழுத்து இல்லாமல் என் மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள் என்று கத்தினேன். அப்போதுதான் அக்கா முகத்தைப் பார்த்தேன். ஒரே மகனின் கல்யாணத்தில், வந்தவர்களை எல்லாம் சிரித்துக்கொண்டே வரவேற்றவள் மூன்று நாளாக ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கத்தியதை நிறுத்திவிட்டு, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

3

திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். தைராய்டு என்பது மூச்சுக்குழாய்க்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டியிருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்றுநோயில் பல வகை உண்டு. எனக்கு வந்தது பாப்பிலரி என்ற வகை. அதிகமாகக் காணப்படுவதும் அதுதான், பெரும்பாலும் மெல்ல வளர்வதும் அதுதான். பக்கத்தில் நிணநீர்க் கட்டி என்று எல்லோருக்கும் இருக்கிற சிறு முடிச்சு ஒன்றுக்கும் போயிருக்கிறது. சுரப்பியை எடுத்துவிட வேண்டும், அதற்காக இன்று ராத்திரியே ஓட வேண்டியதில்லை, ஒரு மாதத்துக்குள் எங்கே வசதியோ அங்கே செய்துகொள்ளுங்கள் என்றார். ஆண்களுக்கு இது வருமா என்று ஷீபா கேட்டாள். பெண்களுக்குத்தான் அதிகம், ஆனால் ஆண்களுக்கும் கழுத்து உண்டே என்றார் அவர்.

வீடும் வேலையும் மகளின் பள்ளிக்கூடமும் இருக்கும் இடத்தில் செய்வது என்று திரும்பினோம். இங்கே வந்து நெய்யாற்றின்கரைக் காகிதத்தைக் கொடுத்தால், வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு விசா உண்டு, என் ஊசிக்கு இல்லை. இரண்டாவது முறை குத்தி, இரண்டாவது முறை காத்திருந்து, அதே பாப்பிலரியை ஆங்கில உச்சரிப்பில் கேட்டேன்.

அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. பதினைந்து வயது மகள் நிவ்யாவிடம் கொடுத்தேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. ஆங்கிலத்திலும் ஒரு வார்த்தைக்கு மேல் பதில் கிடைத்தால் அது விசேஷம். கால் மணி நேரத்தில் நிரப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து, எனக்கு வேலை கொடுக்கும் ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குத் தமிழ் தேவை. நோயாளி ஆண். கழுத்து அறுவை சிகிச்சைப் பிரிவு. ஒத்துக்கொள்ளப் போனவன், அன்றைக்கு எனக்கே அதே நேரத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று நின்றேன். பிறகு ஆஸ்பத்திரியின் பெயரைப் படித்தேன். பிறகு பிரிவின் பெயரை. நோயாளி நான்தான்.

நிவ்யாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதல் மொழி எது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள், தமிழ் என்று போட்டேன், அது உண்மைதானே என்றாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற கேள்விக்கும் வேண்டும் என்று போட்டிருக்கிறாள். ஏன் என்றேன். தோளைக் குலுக்கினாள்.

"நீங்களே போய் உங்களுக்கே சொல்லிக் குடுங்க, ஒரு ஆள் சிலவு மிச்சம்" என்றாள் ஷீபா.

ரத்து செய்யலாம் என்று ஆஸ்பத்திரியை அழைத்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்வதற்கு நோயாளிக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஒருவர் உறுதி செய்ய வேண்டுமாம். நான்தான் நோயாளி, ஆங்கிலத்தில்தானே பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் இருந்தவள் யோசித்துவிட்டு, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரின் மேசைமேல் போன் ஸ்பீக்கரில் இருந்தது. மறுமுனையில் சிவகௌரி என்று ஒரு அம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். நானும் இதே தொழில்தான் என்று தமிழில் சொன்னதும் சிரித்துவிட்டார். அப்படியென்றால் நான் சும்மா லைனில் இருக்கிறேன், தேவைப்பட்டால் கூப்பிடுங்கோ என்றார். டாக்டரும் சரி என்றார். சாந்தமாகப் பேசும் பெண்மணி அவர்.

முதல் பத்து நிமிஷம் ஆங்கிலத்திலேயே கெட்டிக்காரனாகத் தலையாட்டினேன். சுரப்பி முழுவதையும் எடுப்பது, பக்கத்து நிணநீர்க் கட்டிகளை எடுப்பது, அதன் பிறகு ஆயுசுக்கும் தினமும் ஒரு மாத்திரை போடுவது எல்லாம் புரிந்தது. பிறகு டாக்டர் குரலுக்குப் போகும் நரம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த இடத்தில் எனக்கு ஆங்கிலம் நின்றுபோனது. அவர் வாய் அசைவது தெரிகிறது. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்தான், நூறு பேருக்கு நானே சொன்னதுதான். ஒன்றும் உள்ளே போகவில்லை. ஷீபா என் முழங்காலைத் தொட்டாள்.

போனைப் பார்த்து, "அக்கா, அவங்க இப்பச் சொன்னத ஒருக்க தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

சிவகௌரி உடனே சொன்னார். "குரலுக்குப் போற நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பக்கத்தாலதான் போகுதாம் தம்பி. அதைத் தொடாமல் எடுக்கத்தான் பாப்பினமாம். சில பேருக்குக் கொஞ்ச நாளைக்குக் குரல் மாறுமாம். அநேகமாத் திரும்பி வந்திடுமாம். ஒரு சில பேருக்கு வராமலும் போகலாமாம்."

தமிழில் கேட்டதும் எல்லாம் ஒரேயடியாக உள்ளே போய்விட்டது. நான் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன்: "எனக்க சோலியே பேச்சாக்கும். அது போனா நான் என்ன செய்ய?"

அவர் அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் பேனாவை எடுத்துக் குறிப்பு எழுதிக்கொண்டே, எத்தனை நாளாகப் பேசுவதில் தொந்தரவு இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்குக் குழப்பமாக இருந்தது. பிறகு விளங்கியது. எங்கள் பக்கத்தில் சோலி என்றால் வேலை. யாழ்ப்பாணத்தில் சோலி என்றால் தொல்லை. பேச்சுதான் என் தொல்லை என்று எனக்காக முறையிட்டிருக்கிறார் அந்த அம்மா.

நானே ஆங்கிலத்தில் திருத்திச் சொன்னேன். சிவகௌரி போனில் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டருக்கு விளக்கியதும் அவரும் சிரித்தார். ஷீபா சிரித்துக்கொண்டே அழுதாள். அதன் பிறகு டாக்டர் கோப்பைத் திரும்பவும் புரட்டினார். குரல்தான் உங்கள் தொழில் என்று எந்தக் காகிதத்திலும் இல்லையே என்றார். அறுவைக்கு முன்னால் குரல் நாண்களைக் குழாய் வழியாகப் பார்க்க ஏற்பாடு செய்தார். அறுவையின்போது நரம்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு கருவியைப் பற்றியும் சொன்னார். மகள் படிவத்தைப் 'பிழையாக' நிரப்பாமல் இருந்தால் நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருப்பேன்.

4

அறுவை காலையில் நடந்தது. மாலையில் கண் விழித்து ஷீபாவைக் கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை காற்றோடு ஒரு கீறல் சத்தம் வந்தது. ஒரு பக்கத்து நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது, அறுபடவில்லை, காத்திருப்போம் என்றார் டாக்டர்.

மறுநாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. விரல் நுனியிலும். பயந்து மணியை அடித்தேன். சுரப்பிக்குப் பின்னால் இருக்கும் குட்டிச் சுரப்பிகள் கொஞ்ச நாளைக்கு அதிர்ச்சியில் இருக்கும், அதனால் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறது என்று மாத்திரை தந்தார்கள். இது யாருக்காவது வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு எறும்பைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

குரலுக்குப் பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்து, அதில் உறிஞ்சு குழலை விட்டு, ஊ என்று ஊத வேண்டும். தண்ணீர் கொப்பளிக்க வேண்டும். ஐம்பத்தொரு வயசில் நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தினமும் ஐந்து வேளை தண்ணீரில் குமிழி விட்டேன். நிவ்யா தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாம் நாள் தனக்கும் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். யார் குமிழி நிற்காமல் போகிறது என்று போட்டி. பேச முடியாத அப்பாவோடு அவளுக்கு எப்படியோ ஒத்துப்போயிற்று. குரல் திரும்பாத முதல் இரண்டு மாதமும் வீட்டில் பேச்சை எல்லாம் அவளே பேசினாள். தமிழ்தான் பாதி. இலக்கணத்தைத் திருத்த எனக்குக் குரல் இல்லாதது அவளுக்கு வசதியாகப் போனது.

பிறகு கதிரியக்க அயோடின். தைராய்டு செல்களுக்கு அயோடின் என்றால் ஆசை. அறுவைக்குப் பிறகும் எங்காவது ஒன்றிரண்டு ஒளிந்திருந்தால், அயோடினே கொடுக்காமல் இரண்டு வாரம் பட்டினி போட்டுவிட்டு, கதிரியக்கம் ஏற்றிய அயோடினை மாத்திரையாகக் கொடுத்தால், அவை அள்ளி விழுங்கி அழிந்துபோகும். அதுதான் கணக்கு. எல்லோருக்கும் இது வேண்டியிராது. எனக்கு நிணநீர்க் கட்டிவரைக்கும் போயிருந்ததால் கொடுத்தார்கள்.

பட்டினி என்றால் மீன் கிடையாது. கடல் உப்பு கிடையாது. பால், முட்டை பேருக்குத்தான். ஷீபா காஞ்சிரங்குளத்துக் கடற்கரை வீட்டுப் பெண். மீன் இல்லாத குழம்பை அவள் குழம்பு என்றே சொல்லமாட்டாள். கடலிலிருந்து வருவது எதுவும் வீட்டில் கூடாதாம் என்று போனில் அண்ணனிடம் குறைப்பட்டாள். கடலுக்குப் போகிற மனுஷன் அவர். நிதானமாக, "அப்ப உன்ன எங்கயாக்கும் கொண்டு நிறுத்தினாங்க?" என்று கேட்டார்.

அவளைத் தள்ளி நிறுத்துகிற காரியமும் நடந்தது. மாத்திரையை ஈயப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொடுத்தவர் அறையைவிட்டு வேகமாக நடந்தார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். கருவி ஒன்றை நீட்டிப் பிடித்து என்னை அளந்து பார்த்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டிலும் சில நாள் தனித் தட்டு, தனி அறை. ஷீபா வாசலில் நின்று சோற்றைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போவாள். பின்னர் எடுத்த ஸ்கேனில் கழுத்தில் மீந்திருந்த சுரப்பித் துணுக்கைத் தவிர வேறெங்கும் எதுவும் ஒளிரவில்லை.

5

அறுவை முடிந்து நாலு மாதம் கழித்து ஏஜென்சி என் குரலைப் போனில் சோதித்துப் பார்த்தது. கரகரப்பு உண்டு, சொல் தெளிவாக இருக்கிறது என்று சான்றிதழ் தந்தது. முழுசாகத் திரும்பவில்லை. மேல் ஸ்தாயி போய்விட்டது. சபையில் இப்போது கடைசி வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடுகிறேன்.

முதல் அழைப்பு ஒரு பிரசவ வார்டிலிருந்து. அப்பா ஆகப்போகும் ஒரு ஆள், மலையாளம் வேண்டும் என்றார்கள். மனைவிக்கு அவசரமாக அறுவை நடந்துகொண்டிருந்தது. ஆள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தான். அவன் இரண்டு வாக்கியம் மலையாளம் பேசியதுமே எங்கள் ஊருக்கு அடுத்த பெருங்கடவிளைப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பயத்தில் மூன்றாவது வாக்கியத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டான். நர்ஸ் வந்து, குழந்தை பிறந்துவிட்டது, பெண், இருவரும் நலம் என்றாள். அதை நான் சொன்னேன். என் குரல் நடுவில் உடைந்தது.

அவன் சந்தோஷப்படவில்லை. சந்தேகப்பட்டான். "அண்ணே, உள்ளத நேரச் சொல்லுங்க. உங்க சத்தம் என்ன இப்படி இருக்கு? அவளுக்கு வல்லதும் ஆச்சா?"

எங்கள் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. யார் எதைப் பேசினாலும் மற்றவருக்குச் சொல்லியாக வேண்டும். அவர் என் தொண்டையைப் பற்றிக் கேட்கிறார் என்று நர்ஸிடம் சொன்னேன். உங்கள் தொண்டைக்கு என்ன என்று அவளும் கேட்டாள். தைராய்டு புற்றுநோய் இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் அதை எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன், எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தமிழில் மட்டும் நான் அதுவரை சொன்னதில்லை. ஊரில் அக்கா சொன்னாள், வீட்டில் ஷீபா சொன்னாள். இப்போது அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.

"உங்க வீட்டுக்காரிக்கு ஒண்ணும் இல்ல. எனக்காக்கும் கேன்சர் இருந்துது. எடுத்தாச்சு. சத்தம் மட்டும் இப்படி ஆச்சு. இப்ப சொகமா இருக்கேன்."

மறுமுனையில் மூச்சை விடும் சத்தம் கேட்டது.

"அப்பம் செரி" என்றான். "மோளுக்கு எடை எவ்வளவுண்ணு கேளுங்க."

கேட்டேன். மூன்று கிலோ இருநூறு. சொன்னேன்.